கேரி தீவில் கேட்டது

கிள்ளான் பள்ளத்தாக்கில் பறவை பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் ரபேலைக் கேட்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். மீதிப் பேர் கிளம்பிப் போய், வழி தெரியாமல் முழித்து, நடுரோட்டில் நின்றுகொண்டு அவரைக் கேட்பார்கள். ரபேல் முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியின் நான்காவது மாடியில் மனைவி ஜானிஸுடன் குடியிருந்தார். எந்தப் பறவை எந்த மாதம் எந்த மரத்துக்கு வரும், காரை எங்கே நிறுத்தலாம், எந்தத் தோட்டத்து கார்டு நல்ல மனிதர், எந்த நாய் கடிக்கும், திரும்பி வரும்போது ஜெஞ்சாரோமில் எந்தக் கடை ரொட்டி சானாய் தின்னத் தகுந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மெசேஜ் அனுப்பியவர் போனைச் சட்டைப்பையில் போடுவதற்குள் பதில் வந்துவிடும்.

இதற்கென்று ஒரு வாட்சாப் குழு இருந்தது. அறுபத்து மூன்று பேர். அட்மின் ரபேல் ஒருவர்தான். இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னபோது, யோசிக்கலாம் என்று சொல்லி ஏழு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார். பறவையைப் பார்த்தவர்கள் இடம், நேரம், தூரம், போகும் வழி எல்லாவற்றையும் எழுத வேண்டும். 'காலையில் ஒரு மீன்கொத்தி' என்று மொட்டையாக எழுதினால், எந்தக் காலை, எந்த மீன்கொத்தி என்று ரபேல் கேட்பார். ஒருவர் இப்படிக் கேட்கப்பட்டே மீன் பிடிக்கிற குழுவுக்கு மாறிப் போனார்.

குழுவின் விதிகள் பதினொன்று. முதல் விதி, பறவையின் குரலைப் போனில் போட்டு அதை வரவழைக்கக் கூடாது என்பது. அப்படிப் போட்டால், தன் இடத்துக்கு வேறொரு பறவை வந்துவிட்டதென்று நினைத்து அது இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடிவரும். பாவம். மீறினால் ஒரு வருட நீக்கம்.

அந்த விதியில் மாட்டியவர் இதுவரை ஒருவர்தான். டொரத்தி. கிள்ளானில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடம் ரபேலுடன் ஒரே காரில் பறவை பார்க்கப் போனவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோல சிலாங்கூரில் ஒரு மரங்கொத்திக்காக அவர் போனை எடுத்ததாக யாரோ சொல்ல, ரபேல் குழுவிலேயே, எல்லோரும் பார்க்க, உண்மையா என்று கேட்டார். டொரத்தி 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை எழுதினார். அடுத்த நிமிடம் குழுவில் அவர் இல்லை. ஒரு வருடம் முடிந்தபோது ரபேல் கூப்பிடவில்லை, டொரத்தி கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு. அப்படியே இன்னொரு வருடமும் ஓடிவிட்டது.

இவ்வளவு கறாரான மனிதருக்கும் ஒரு குறை இருந்தது. கடலோரக் கண்டல் காட்டில் வாழும் பிட்டா என்ற பறவையை அவர் பார்த்ததே இல்லை. மைனா அளவுதான் இருக்கும். பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலடியில் சிவப்பு, கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. இத்தனை வண்ணம் பூசிக்கொண்டு சேற்றில் நண்டு பொறுக்கும். ஆளைக் கண்டால் மறைந்துவிடும். ஒன்பது வருடத்தில் கேரி தீவுக்கு மட்டும் இருபத்தாறு தடவை போய் வந்தார். சேறுதான் மிச்சம். போதாக்குறைக்கு, போன வருடம் காது டாக்டர் அவருக்கு இடது காதில் மெல்லிய ஒலிகள் போய்விட்டன என்றும், வலது காது அதன் பின்னாலேயே போகும் என்றும் சொல்லியிருந்தார். இது ஜானிஸுக்கு மட்டும் தெரியும்.

இருபத்தேழாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேரி தீவில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு பெரிய பாரிட் ஓடுகிறது. தோட்டத்துத் தண்ணீர் வடிய வெட்டின வாய்க்கால் அது. இரண்டு கரையிலும் கண்டல் மரங்கள் அடைந்து நிற்பதால் ஒரு கரையில் நிற்பவருக்கு மறுகரை தெரியாது. ரபேல் மேற்குக் கரையில் நின்றார். மணி ஏழு பத்து. கொசு அவரைத் தின்றுகொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனை எடுத்து, பிட்டாவின் குரலைப் போட்டார்.

மறுகரையிலிருந்து பதில் வந்தது.

ரபேல் மறுபடி போட்டார். மறுபடி பதில். நாற்பது நிமிடம் அவர் இந்தப் பக்கமிருந்து கூப்பிட, அது அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டது. தண்ணீர் ஏறியிருந்ததால் கடந்து போக முடியவில்லை. பறவை கண்ணில் படவே இல்லை. ஆனால் குரல் சுத்தமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கேட்டது. அறுபத்து மூன்று வயது மனிதர் அந்தச் சேற்றில் நின்று, முகத்தைத் துடைக்காமல் அழுதார். ஒன்பது வருட ஆசை என்றால் சும்மாவா.

மத்தியானம் குழுவில் குறிப்பு போனது. கண்டல் பிட்டா, ஒன்று, குரல் மட்டும். மேற்குக் கரை, ஏழு பத்து முதல் ஏழு ஐம்பது வரை, குரல் கிழக்கிலிருந்து, சுமார் அறுபது மீட்டர். பாலம் தாண்டி எத்தனையாவது திருப்பம், கார்டிடம் எப்படிப் பேச வேண்டும், தண்ணீர் வற்றும் நேரம் எது என்று வழியும் எழுதினார். போன் விஷயத்தை மட்டும் எழுதவில்லை. அறுபது பேர் கைதட்டிப் படம் போட்டார்கள். ரபேலே கேட்டேன் என்றால் அதற்கு மேல் அப்பீல் ஏது.

மறுநாள், போர்ட் கிள்ளானில் டீச்சராக இருக்கும் சல்மா, டொரத்தியின் குறிப்பு ஒன்றைக் குழுவில் பகிர்ந்தார். சல்மாவுக்கு இரண்டு பேருமே வேண்டியவர்கள். டொரத்தியும் அதே ஞாயிற்றுக்கிழமை கேரி தீவுக்குப் போயிருந்தார், கம்பத்து, அதாவது கிராமத்துப் பக்கத்து வழியாக. அவரும் பிட்டாவைக் கேட்டிருந்தார். அது அவருடைய பட்டியலில் நானூறாவது பறவையாம். இருவர் தனித்தனியாகக் கேட்டது எவ்வளவு பெரிய ஆதாரம் என்று சல்மா எழுதினார். ரபேலுக்கும் உச்சி குளிர்ந்தது. அன்று மாலை வரை குளிர்ந்தது.

மாலையில் காலண்டர் தாளின் பின்புறத்தில் பாரிட்டை வரைந்து பறவையின் இடத்தைக் குறிக்க உட்கார்ந்தார். டொரத்தி நின்றது கிழக்குக் கரை. நேரம் ஏழு பத்திலிருந்து ஏழு ஐம்பது. குரல் மேற்கிலிருந்து, சுமார் அறுபது மீட்டர். ரபேல் தன் இடத்திலிருந்து ஒரு கோடு போட்டார். டொரத்தியின் இடத்திலிருந்து ஒரு கோடு போட்டார். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அவருடைய கோடு டொரத்தி நின்ற இடத்திலும், டொரத்தியின் கோடு அவர் நின்ற இடத்திலும் முடிந்தன; நடுவில் பறவை நிற்க இடமில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயிலை விட்டது போல இருந்தது படம்.

டொரத்தியும் போனில்தான் போட்டிருக்கிறார். குழுவில் இல்லாதவருக்கு விதி ஏது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் போனை எடுத்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், இருபத்திரண்டு வருடமாக அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வியெல்லாம் திரும்பி அவர் வாசலில் வந்து நிற்கும். கிழவனுக்குக் காது போய்விட்டது என்பார்கள். அதைவிட மோசம், அது உண்மை. ஆனால் ரபேல் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட காரணம் வேறு. டொரத்தியின் நானூறாவது பறவை அது. பாவம், அந்த சந்தோஷத்தை நாம் ஏன் கெடுக்க வேண்டும்? இந்தக் காரணம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அதைப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினார்.

அதற்குள் ஒரு வாரத்தில் ஆறு பேர் கேரி தீவுக்குப் போய், பிட்டாவைக் கேட்டதாக எழுதினார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் குரல் மறுகரையிலிருந்துதான் கேட்டது. திமோத்தி என்ற ஒருவருக்கு இரண்டு பிட்டாக்கள் கேட்டன. முதல் விதியை யார் யார் மதிக்கிறார்கள் என்பது ரபேலுக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்க வாயில்லை.

சனிக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தார். பாதருக்குப் பிட்டா என்றால் என்னவென்று தெரியவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதனால் யாருக்காவது கெடுதல் உண்டா என்றார். இன்னும் இல்லை பாதர் என்றார் ரபேல். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார் பாதர். ரபேல் பத்து சொன்னார். மனம் ஆறவில்லை.

புதன்கிழமை காலையில் சதீஷ்குமாரின் மெசேஜ் வந்தது.

சதீஷ்குமார் தூத்துக்குடிக்காரர். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் தூக்கும் கிரேன்களைப் பழுது பார்க்கிற வேலை. மூன்று வருடம் ஷிப்ட் ஷிப்டாக உழைத்து, கிடைத்த லீவிலெல்லாம் கமியூட்டர் ரயிலைப் பிடித்துப் பறவை பார்க்கப் போனவர். வேலை பெர்மிட் முடிந்து திங்கட்கிழமை ஊருக்குப் போகிறார். கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம். அவர் ஊரில் ஆறுமணிக்குருவி என்று சொல்கிற பிட்டா வருடா வருடம் வந்து போகும். அதன் கண்டல் காட்டுச் சொந்தக்காரனைப் பார்க்காமல் திரும்பிப் போவது அவருக்கு ஆறவில்லை. இன்னொரு பக்கம், அதே ஞாயிற்றுக்கிழமை சல்மா ஃபிரேசர் மலைக்குக் காரில் போகிறார். ஒரு இடம் காலி. அங்கே போனால் ஐம்பது அறுபது மலைப் பறவைகள் நிச்சயம். சல்மாவுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

'சார், கேரி தீவா, ஃபிரேசர் மலையா? நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதான்' என்று எழுதியிருந்தார்.

ரபேல் அதைப் படித்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். ஜானிஸ் காப்பி கொண்டுவந்து வைத்தது தெரியவில்லை. ஃபிரேசர் மலைக்குப் போங்கள் என்று ஒரு வரி எழுதலாம். ஏன் என்று அவர் கேட்டால்? எட்டுப் பேர் கேட்ட பறவையை விட்டுவிட்டு வேறெங்கோ போகச் சொல்ல என்ன காரணம் சொல்வது? கேரி தீவுக்குப் போங்கள் என்று சொன்னால், ஒரு மனிதனின் கடைசி ஞாயிற்றுக்கிழமையைச் சேற்றில் போட்டு மிதித்த பாவம். பாதரிடம் 'இன்னும் இல்லை' என்று சொன்னது மண்டையைக் குடைந்தது. புதன் போனது, வியாழன் போனது. ரபேல் பதில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிள்ளானுக்கு ரயிலேறினார். முதலில் டொரத்தியிடம் சொல்லிவிட வேண்டும். தன்னுடைய குறிப்பு போனால் அவருடையதும் போகும் அல்லவா.

டொரத்தி கதவைத் திறந்தார். "வாங்க, மிஸ்டர் ரபேல்," என்றார். இந்த மிஸ்டர் புதியது. காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ரபேல் சட்டைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து விரித்துக் காட்டினார். டொரத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு கோடுகளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நாப்பது நிமிசம் எனக்குப் பதில் சொன்னது நீங்களா?"

"ஆமா."

"ரெண்டு வருசத்துல நாம பேசினது அதுதான் லா," என்றார் டொரத்தி.

ரபேல் சிரிக்கலாமா என்று பார்த்தார். கூடாது என்று தெரிந்தது. டொரத்தி உள்ளே போய் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தையும் அடிமட்டத்தையும் எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தில் நானூறு என்ற எண்ணுக்கு எதிரே பிட்டாவின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு பூவும் போட்டிருந்தார். அடிமட்டத்தை வைத்து, பெயரின் மேலும் பூவின் மேலும் ஒரே கோடாக இழுத்தார்.

எப்போது தெரியும் என்று கேட்டார் டொரத்தி. மறுநாளே தெரியும் என்றார் ரபேல். பிறகு, இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த காரணத்தை எடுத்து நீட்டினார்.

"உங்க சந்தோஷத்த கெடுக்க வேணாம்னுதான் நான் பேசாம இருந்தேன்."

"அத என் தலையில போடாதீங்க," என்றார் டொரத்தி. குரலை உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொல்வது போலச் சொன்னார். "நான் அன்னிக்கு போன எடுத்தது தப்பு. நீங்க என்னை வெளியாக்கினதும் சரி. ஆனா நீங்க கேட்ட ஒடனே நான் ஆமான்னு சொன்னேன். நீங்க பதினோரு நாள் எடுத்திருக்கீங்க."

காப்பி ஆறிப்போயிருந்தது. ரபேல் அதைக் குடித்தார். வாசல் வரை வந்த டொரத்தி, கமியூட்டர் இப்போது தாமதமாக வருகிறது, பஸ்ஸில் போங்கள் என்று வழி சொன்னார். ரபேல் முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் இருந்தவர் என்பதை மறந்தே சொன்னார். ரபேல் பஸ்ஸிலேயே போனார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே குறிப்பை எழுதினார். கண்டல் பிட்டா, இல்லை. கேரி தீவு, பாரிட்டின் மேற்குக் கரை. நான் விதியை மீறிப் போனில் குரலைப் போட்டேன். நான் பதில் என்று நினைத்தது இன்னொருவரின் போனில் வந்த குரல். பதினோரு நாளாக இது எனக்குத் தெரியும். என் இடது காதில் மெல்லிய ஒலிகள் கேட்பதில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளவும். இந்தத் தடவை அவர் வழி எழுதவில்லை. சல்மாவை அட்மின் ஆக்கினார். அனுப்பினார். தன்னைத் தானே ஒரு வருடத்துக்கு நீக்கிக்கொண்டார். பஸ் அப்போது ஷா ஆலாமில்கூட நுழையவில்லை.

குழுவில் அதற்குப் பிறகு நடந்ததைப் பின்னொரு நாள் சல்மா போனில் சொன்னார். கேட்டேன் என்று எழுதிய ஆறு பேரில் இரண்டு பேர் தங்கள் குறிப்பை எடுத்துவிட்டார்கள். நான்கு பேர், தாங்கள் கேட்டது வேறு பிட்டா என்றார்கள். அதில் திமோத்தியும் ஒருவர். தன்னுடைய இரண்டில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சதீஷ்குமார் கூப்பிட்டார். மணி ஆறரை. ரபேல் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சதீஷ், மன்னிச்சிடுங்க. நீங்க ஃபிரேசர் மலைக்கே போங்க. சல்மாகிட்ட இப்பவே சொல்லிடுங்க, இன்னும் டைம் இருக்கு."

"புதன்கிழமையே சொல்லிட்டேன் சார்."

ரபேலுக்குப் புரியவில்லை. குறிப்பு போய் முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"எப்படித் தெரியும்?"

"வழி கேட்டா நீங்க ஒடனே சொல்லுவீங்களே சார். எந்த நாய் கடிக்கும்ங்கிற வரைக்கும். அன்னிக்கு நீங்க மெசேஜ் படிச்சதுக்கு நீல டிக் வந்துருச்சு. சாயங்காலம் வரைக்கும் பதில் இல்ல. அங்க பறவை இல்லன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."

ரபேல் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டு நாளாகத் தூக்கம் கெட்டு, டொரத்தியின் பட்டியலிலிருந்து பறவையை அடிக்க வைத்து, ஊரறிய வாக்குமூலம் எழுதி இந்த மனிதனின் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றியதாக நினைத்திருந்தார். அது புதன்கிழமை சாயங்காலமே காப்பாற்றப்பட்டுவிட்டது. வெட்கமாக இருந்தது. தன் மௌனத்தைக்கூட ஒருவர் இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார்.

சதீஷ்குமார் அதோடு விடவில்லை. மலைக்கு ஏறுகிற வழியில் எங்கே நிறுத்தினால் நல்லது என்று கேட்டார். ரபேல் சொல்லத் தொடங்கினார். கேப் என்கிற கணவாயில் ஏழு மணிக்குள் நிறுத்த வேண்டும், பனி விலகுமுன் இறங்க வேண்டும், தடித்த சட்டை வேண்டும், மேலே குப்பைத்தொட்டிப் பக்கம் போனால் பூச்சி தின்ன வரும் பறவைகள் கிட்டத்திலேயே கிடைக்கும். எட்டு நிமிடம் மூச்சுவிடாமல் சொன்னார். பிறகு நிறுத்தினார்.

"நான் சொன்னேன்னு அப்படியே எடுத்துக்காதீங்க. சல்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

அதெல்லாம் எதுக்கு சார், நீங்க சொன்னா போதாதா என்று சதீஷ்குமார் சொல்வார் என்று ரபேல் கொஞ்சம் காத்திருந்தார்.

"சரி சார், கேட்டுக்கிறேன்," என்றார் சதீஷ்குமார்.